மெகா கங்காஸ்கானைத் தடை செய்யத்தான் வேண்டுமா?

மணல்புயல்:
அடுத்த மாதம் நம் குழுவில் ஆறாம் தலைமுறை போக்கிமான் போட்டி ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறோம். ஷோடவுன் என்கிற இணையதளத்தில், சிங்கிள்ஸ் (களத்தில் ஒன்றுக்கு ஒன்று), ஆறுக்கு ஆறு. விதிகளை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சண்டை: மெகா கங்காஸ்கானை, அதாவது மெகா கல் வைத்து ஆட்டத்தின் நடுவே பலம் கூடும் அந்தத் தாய்-குட்டி போக்கிமானை, விடலாமா, கூடாதா?

2013 அக்டோபரில் ஆறாம் தலைமுறையின் எக்ஸ், ஒய் வெளிவந்த சில மாதங்களுக்குள், ரசிகர்களின் விதிகளை வகுக்கும் ஸ்மோகன் தளத்து ஆட்கள் அதை உபர்ஸுக்கு (சாதாரண ஆட்டத்தில் தடையானவற்றின் பிரிவு) துரத்திவிட்டார்கள். ஆனால் அதிகாரபூர்வ உலகப் போட்டிகளில் 2014, 2015, 2016 மூன்று ஆண்டும் தடையில்லாமல் ஆடியது. அதிலும் 2014 சாம்பியன் சே ஜுன் பார்க், கங்காஸ்கான் இல்லாமலே, பச்சிரிசு என்கிற குட்டி அணிலை அணியில் வைத்துக்கொண்டு ஜெயித்தார். உலகமே சமாளித்ததை நாம் சமாளிக்க முடியாதா? என் ஓட்டு, விடலாம்.

எட்டாம்பேட்ஜ்:
உலகப் போட்டி டபுள்ஸ், பக்கத்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் களத்தில். நீங்கள் வைப்பது சிங்கிள்ஸ். இது சின்ன வித்தியாசம் இல்லை.

டபுள்ஸில் கங்காஸ்கானை ஒரே சுற்றில் இரண்டு பேர் சேர்ந்து அடிக்கலாம். பச்சிரிசுவோ அமூங்கஸோ குறுக்கே நின்று அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். லாண்டோரஸ் உள்ளே வந்தாலே இன்டிமிடேட்டால் அதன் தாக்குதல் குறையும். எர்த்குவேக் மாதிரி எல்லோரையும் தாக்கும் அடிகளுக்கு அங்கே இரண்டாம் அடி கிடையாது. இவ்வளவு கடிவாளம் போட்டும் 2015 சாம்பியன் ஷோமா ஹொனாமி அணியில் இருந்தது இதே கங்காஸ்கான்தான். 2016இல் க்ரௌடன், செர்னியஸ் போன்ற பெரிய தலைகளையே அனுமதித்தார்கள். அப்போது ஊரெல்லாம் ஆடிய ‘பிக் சிக்ஸ்’ அணியிலும் அதற்கு ஓர் இடம் இருந்தது. பச்சிரிசு கதை ஒரு தனி மனிதனின் திறமைக்குச் சாட்சி. கங்காஸ்கான் சாது என்பதற்கு அல்ல.

புல்வெளி_புலி:
வந்துவிட்டார் தடை மன்னர். தோற்றால் உடனே ‘ஓவர்பவர்’ என்று கத்துவது ஒரு வழக்கமாகிவிட்டது.

எண்களைப் பார்ப்போமா? மெகா கங்காஸ்கானின் அடிப்படைப் புள்ளிகள் மொத்தம் 590. கார்சோம்ப்புக்கு 600. அதை யாரும் அந்தத் தலைமுறையில் தடை செய்யவில்லை. வேகம் 100தான், கார்சோம்ப் 102, லாடியோஸ் 110. ஓர் அணிக்கு ஒரு மெகாதான். இதை எடுத்தால் மெகா சாரிசார்டை விட வேண்டும். பொருள் வைக்கும் இடமும் மெகா கல்லுக்கே போய்விடும். இத்தனை விலை கொடுத்து ஒருவன் எடுத்துவருகிறான், அதையும் போட்டி தொடங்கும் முன்பே டீம் ப்ரிவ்யூவில் காட்டிவிடுகிறான். இன்னும் என்ன வேண்டும்?

எட்டாம்பேட்ஜ்:
மொத்தப் புள்ளியை வைத்து முடிவு செய்தால் ஸ்லேக்கிங்கைத்தான் முதலில் தடை செய்ய வேண்டும், அதற்கு 670. ஒரு சுற்று அடித்து ஒரு சுற்று தூங்குவதால் யாரும் சீந்துவதில்லை. அஸுமாரிலின் தாக்குதல் வெறும் 50. ஹ்யூஜ் பவர் அதை இரட்டிப்பாக்குவதால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எப்போதும் திறன்தான் பேசும்.

மெகா கங்காஸ்கானின் திறனான பேரன்டல் பாண்டைப் பாருங்கள். தாய் ஓர் அடி, பையிலிருந்து இறங்கிய குட்டி பாதி வலுவில் ஓர் அடி. ரிட்டர்னின் வலு 102, சொந்த வகை என்பதால் ஒன்றரை மடங்கு, குட்டிக்காக இன்னொரு ஒன்றரை மடங்கு. கிட்டத்தட்ட 230. தாக்குதலை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் பேண்ட் கட்டிய பலன், ஆனால் ஒரே அடியில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை.

அப்புறம் பவர்-அப் பஞ்ச். வலு 40தான், யாரும் மதிக்காத அடி. ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் தாக்குதல் ஒரு படி ஏறும். இங்கே இரண்டு குத்து, இரண்டு படி. அதே இரண்டு படிக்கு ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடுகிறவன் ஒரு சுற்றைத் தியாகம் செய்கிறான். இவள் அடித்துக்கொண்டே ஆடுகிறாள். ஓர் அடியைத் தாங்க உதவும் ஃபோகஸ் சாஷ், ஸ்டர்டி, சப்ஸ்டிட்யூட் எல்லாம் முதல் அடியில் காலி, இரண்டாவது அடி நேராக உடம்பில். நூறு வேகம் போதாது என்றால், எதிராளி அடிக்க வரும்போது முந்திக்கொண்டு அடிக்கும் சக்கர் பஞ்ச் இருக்கிறது.

புல்வெளி_புலி:
இரண்டு முறை அடித்தால் இரண்டு முறை வாங்கவும் வேண்டும் அல்லவா? ரஃப் ஸ்கின் கார்சோம்ப்புக்கு ராக்கி ஹெல்மெட் கட்டிவிடுங்கள். தொட்டால் எட்டில் ஒரு பங்கு, ஹெல்மெட்டுக்கு ஆறில் ஒரு பங்கு. இரண்டு அடிக்கும் சேர்த்தால் பன்னிரண்டில் ஏழு பங்கு உயிர், அதாவது பாதிக்கு மேல், அவள் கையாலேயே போய்விடும்!

அது பிடிக்கவில்லையா, பேய் வகைச் சேபிளை. நார்மல் அடி படாது, ஃபைட்டிங் அடி படாது. ப்ராங்க்ஸ்டர் திறனால் வில்-ஓ-விஸ்ப் முந்திக்கொண்டு சூடு வைக்கும், தாக்குதல் பாதியாகும். அது நேரடி அடி இல்லை என்பதால் சக்கர் பஞ்ச் அங்கே தோற்றுப்போகும். பதில் இருக்கிறது, தேட சோம்பல்.

சோம்பல்ஸ்னார்லாக்ஸ்:
அந்தச் சோம்பல் என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள், அண்ணே.

எட்டாம்பேட்ஜ்:
:) ஸ்னார்லாக்ஸ் மன்னிக்கவும்.

கார்சோம்ப் யோசனை நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கையில் ஐஸ் பஞ்ச் இருந்தால்? டிராகன், கிரவுண்ட் இரண்டுக்கும் பனி ஆகாது, நான்கு மடங்கு வலி, அதுவும் இரண்டு முறை. பாதி உயிரைக் கொடுத்து உங்கள் கார்சோம்ப்பை முழுதாக வாங்கிப் போய்விடுவாள்.

சேபிளையை நம்பி உள்ளே அனுப்பினால் அன்றைக்கு அவள் சீஸ்மிக் டாஸும் பாடி ஸ்லாமும் வைத்திருக்கும் வகை என்றால் பரவாயில்லை, இரண்டும் படாது. ஆனால் மற்ற ஐந்து பேரின் கதி என்ன? லெவல் 100இல் சீஸ்மிக் டாஸ் நூறும் நூறும் இருநூறு, தற்காப்பு எவ்வளவு இருந்தாலும். பாடி ஸ்லாம் ஓர் அடிக்கு 30 சதவீதம் முடக்கும். இரண்டு அடிக்கு 51 சதவீதம். முதல் இரண்டு சுற்று போகும்வரை எந்த வகை என்றே தெரியாது. தெரிகிறபோது ஒருவர் செத்திருப்பார்.

உபர்ஸ் அல்லாத ஆட்டத்தில் சேபிளையை வேறு எதற்காக எடுப்பீர்கள்? இவளுக்காக மட்டும் என்றால், எல்லோர் அணியிலும் ஐந்து இடம்தான் மிச்சம். நான் பார்ப்பது இதைத்தான். பதில் உண்டா என்பதைவிட, அந்தப் பதிலுக்காக என் அணியை எவ்வளவு கோணலாக்க வேண்டியிருக்கிறது என்பது.

மணல்புயல்:
அப்படிப் பார்த்தால் அதிகம் பயன்படும் எல்லாமே தடைக்கு வந்துவிடாதா? லாண்டோரஸ்-தெரியன் எந்த அணியில் இல்லை?

எட்டாம்பேட்ஜ்:
அதிகம் பயன்படுவது வேறு, கழுத்தை நெரிப்பது வேறு. லாண்டோரஸ் எல்லா அணிக்கும் ஒட்டும் பசை. அது வந்தால் ஆட்டம் முடிந்தது என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் அதைத் தொடவில்லை.

புல்வெளி_புலி:
சரி, ஒரு கேள்வி. 2016இல் சன், மூன் வந்தபோது குட்டியின் அடியைப் பாதியிலிருந்து கால் பங்காகக் குறைத்தார்கள். அப்புறமும் ஏழாம் தலைமுறையில் ஸ்மோகன் அதை உபர்ஸிலேயே வைத்தது. ஒருமுறை கெட்ட பெயர் வாங்கினால் திருந்தினாலும் விடமாட்டார்களா?

எட்டாம்பேட்ஜ்:
தயாரித்தவர்களே குறைத்தார்கள் என்பதை நீங்களே சொன்னதற்கு நன்றி. குறைத்தது அடியின் வலுவை. பவர்-அப் பஞ்ச் அப்போதும் இரண்டு படிதான் ஏற்றியது.

சோம்பல்ஸ்னார்லாக்ஸ்:
நான் இரண்டு பக்கமும் ஆடியவன். கங்காஸ்கானை வைத்து ஆடும்போது யோசிக்கவே வேண்டாம், அதுதான் எனக்கு உறுத்தியது. எதிராளி வேகமானவனா, சக்கர் பஞ்ச். மெதுவானவனா, பவர்-அப் பஞ்ச். தப்பாக ஊகித்தாலும் எனக்கு ஒரு சுற்று நஷ்டம், எதிராளி தப்பாக ஊகித்தால் ஓர் ஆள் நஷ்டம். டபுள்ஸில் அப்படி இல்லை, பக்கத்து ஆளையும் காப்பாற்ற வேண்டும், மூளை வேலை செய்தது. தடைக்கு என் ஓட்டு, சிங்கிள்ஸில் மட்டும்.

புல்வெளி_புலி:
ஒருவனுக்கு எளிதாக இருப்பது குற்றமா? புதிதாக வருகிறவன் எதை வைத்து ஜெயிப்பான்? நீங்கள் சொல்லும் அந்த ஊகத்தில் வில்-ஓ-விஸ்ப்பைச் சரியான நேரத்தில் போடுகிறவன் ஜெயிக்கத்தான் செய்கிறான்.

மணல்புயல்:
போதும், விதியை எழுதிவிட்டேன். சிங்கிள்ஸில் கங்காஸ்கானைட் கல்லுக்குத் தடை, மெகா இல்லாத கங்காஸ்கானைத் தாராளமாகக் கொண்டுவரலாம். ஞாயிறு மாலை டபுள்ஸ் தனியாக உண்டு, அதில் முழு அனுமதி.

புல்வெளி_புலி:
என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். டபுள்ஸில் அவளோடுதான் வருவேன். அப்புறம், இதே நியாயப்படி ஏஜிஸ்லாஷையும் தூக்குங்கள். அதையும் ஸ்மோகன் தடை செய்ததுதானே?

எட்டாம்பேட்ஜ்:
ஏஜிஸ்லாஷின் தற்காப்பு உத்தியான கிங்ஸ் ஷீல்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.