பிரிஸ்மோ மாட்டிட்டா ஏரோபிரஸ் எஸ்பிரசோ மெஷின் ஆயிருமா? வண்ணார்பேட்டைத் தம்பிக்குப் பதில்

பாளை அண்ணாச்சி:
நேத்து ராத்திரி வண்ணார்பேட்டை வசந்த் இங்கன எழுதியிருந்ததைப் பாத்தேன். ஏரோபிரஸ்ஸுக்கு, அதான் தூளும் வெந்நியும் போட்டுக் கையால அமுக்கிக் காப்பி இறக்குத குழாய்க்கு, அடியில பிரிஸ்மோன்னு ஒரு மூடிய மாட்டி கையால ஒரு அமுக்கு அமுக்கினா, ஹோட்டல் மெஷின்ல அழுத்தத்துல கெட்டியா வார அதே எஸ்பிரசோ காப்பி வீட்டுலயே வந்துருமாம். லட்ச ரூவா குடுத்து மெஷின் வாங்குதவன் எல்லாம் கூறுகெட்டவனாம்.

எஸ்பிரசோவுக்கு 9 பார் அழுத்தம் வேணும். 1 பார்னா சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ பாரம். நான் பேட்டையில ஹைட்ராலிக் பிரஸ் வேலை பாக்கவன். அழுத்தத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஏரோபிரஸ் குழாயோட உள்விட்டம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். அதுல 9 பார் வரணும்னா மேல 260 கிலோ பாரம் ஏத்தணும். 60 கிலோ ஆளு முழுசா ஏறி உக்காந்தாலும் 2 பார்தான். கையால அமுக்குதது 20, 25 கிலோ இருக்கும். அது 1 பார் கூட கிடையாது. தெரியாத விஷயத்துல சின்னப் பயலுவள ஏமாத்தாத தம்பி.

வண்ணார்பேட்டை வசந்த்:
அண்ணாச்சி, அந்த மூடிய நீங்க கையில தொட்டுப் பாத்திருக்கியளா? அதச் சொல்லுங்க மொதல்ல. சாதா ஏரோபிரஸ் மூடியில வெந்நி ஊத்தின உடனே கீழ சொட்ட ஆரம்பிச்சிரும். பிரிஸ்மோவுல நடுவுல ஒரு சின்ன வால்வு இருக்கு. அமுக்கினாத்தான் தொறக்கும், அதுவரைக்கும் ஒரு சொட்டு இறங்காது. பேப்பர் பில்டரும் வேண்டாம், நுணுக்கமா ஓட்டை போட்ட தகடு இருக்கு. 20 கிராம் தூள், 60 மில்லி நல்ல கொதிவெந்நி, வேகமா ஒரு கலக்கு, ஒரு நிமிஷம் விட்டு ஒரே அமுக்கு. அந்த ஓட்டை சின்னதுங்கறதாலதான் அழுத்தம் கூடுது. மேல பொன்னிறமா நுரை நிக்கி. படமும் போட்டிருக்கேன்லா?

பாளை அண்ணாச்சி:
ஓட்டை சின்னதானா தண்ணி பைய போகும், அம்புட்டுதான். உள்ள இருக்க அழுத்தம் நீ குடுக்க விசையப் பரப்பால வகுத்தா வாரது. ஓட்டை ஊசிமுனை மாதிரி இருந்தாலும் உன் கையில இல்லாத பலத்த அது எங்கருந்து கொண்டாரும்? 260 கிலோ. அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லு.

நுரைய வேற படம் புடிச்சுப் போட்டிருக்க. மெஷின்ல வார கிரேமா, அதான் எஸ்பிரசோ மேல நிக்க நுரை, தூள்ல இருக்க எண்ணெயும் கார்பன் டை ஆக்சைடும் 9 பார்ல சேந்து நெருங்கி வாரது. மேல சீனியத் தூவினா ஒரு நொடி தாங்கிட்டுத்தான் உள்ள இறங்கும். உன் படத்துல இருக்கது டீக்கடை மாஸ்டர் ஆத்தும்போது வார நுரை மாதிரி முட்டை முட்டையா இருக்கு.

அம்பை தம்பி:
அண்ணாச்சி, 9 பார் 9 பார்ங்கியளே, அது எப்ப வந்துச்சு? இத்தாலியில மிலான் ஊர்க்காரரு பெஸ்ஸேரா 1901ல எஸ்பிரசோ மெஷினுக்குக் காப்புரிமை கேட்டாரு. அது நீராவி அழுத்தம், ஒன்றரை பார் பக்கம்தான். பொறவு கட்ஜான்னு இன்னொரு இத்தாலிக்காரரு 1938ல காப்புரிமை எடுத்து, அவரு ஸ்பிரிங் லீவர் மெஷின் 1948ல தான் கடைக்கு வந்துச்சு. கிரேமாவே அப்பதான் வந்துச்சு. பம்பு வச்ச ஃபேமா ஈ61 மெஷின் வந்தது 1961. அப்போ அதுவரைக்கும் இத்தாலிக்காரன் குடிச்சதுக்கு என்ன பேரு வைக்கப் போறிய?

பாளை அண்ணாச்சி:
அந்தக் காலத்துல மாட்டுவண்டியில குத்தாலம் போனாவ. இப்ப நீ அதுலயா போற? இன்னைக்கு இத்தாலிய எஸ்பிரசோ நிறுவனம் வச்சிருக்க அளவு என்ன தெரியுமா? 7 கிராம் தூள், 88 டிகிரி வெந்நி, 25 நொடி, 25 மில்லி, 9 பார். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கூடக் குறைய விட்டிருக்கான். அழுத்தத்துல எவ்வளவு விட்டிருக்கான்? 1 பார். அதாவது 8லருந்து 10. தம்பியோட 1 பார் இதுல எங்க வருது?

வண்ணார்பேட்டை வசந்த்:
அந்த அளவையே புடிச்சுக்கிட்டா உங்க வீட்டு மெஷின்ல நீங்க 18 கிராம் போடுதியளே, அதுவும் எஸ்பிரசோ இல்லயே? போன மாசம் நீங்களே எழுதினது இங்கன கெடக்கு, எடுத்துப் போடவா?

பாளை அண்ணாச்சி:
ரெண்டு கப்புக்குத் தூள் போடுத ரெட்டைக் கூடையில 18 கிராம் போடாதவன் இன்னைக்கு உலகத்துல எவனும் இல்ல. பேச்ச மாத்தாத. அழுத்தத்துக்கு வா.

துபாய் நெல்லையான்:
இங்க ஃப்ளாட்ல என் மெஷின் 15 பார். அண்ணாச்சி மெஷின் 9தானா? அப்போ என்னுதுதான் பெருசு. 😄

பாளை அண்ணாச்சி:
உமக்குச் சொல்லுதேன் கேளும்வே. 15 பார்ங்கறது பம்பு தள்ளக்கூடிய உச்ச அளவு. அட்டைப்பெட்டியில பெருசா அச்சடிக்கதுக்கு உதவும். நல்ல மெஷின்ல ஒரு வால்வு வச்சு மிச்சத்தத் திருப்பி விட்டு 9க்குக் கொண்டாந்துருவான். 15 பாரும் நேரா தூள்ல விழுந்தா பக்கவாட்டுல பொத்துக்கிட்டு ஓடி, ஒரு வாய் புளிப்பும் ஒரு வாய் கசப்புமா வரும். நீரு இத்தன வருசமா அததான் குடிக்கேருன்னு நெனைக்கேன்.

துபாய் நெல்லையான்:
என் காப்பியக் குடிச்சுப் பாக்காம இப்படிச் சொல்லுதது சரியில்ல அண்ணாச்சி. ஊருக்கு வந்தப்போ உங்க வீட்டுக்கு வந்தேன், ஒரு வாய் தண்ணி குடுத்தியளா? காப்பியப் பத்திப் பேச வந்துட்டிய.

கல்லிடைக்காரி:
காலையிலருந்து படிச்சுக்கிட்டு இருக்கேன், பொறுக்கல. பித்தளை பில்டர்ல ராத்திரியே தூளப் போட்டு, கம்பி வச்ச தட்ட மேல பைய வச்சு, கொதிவெந்நிய ஊத்தி மூடிட்டுப் படுத்தா விடிய டிகாக்ஷன் தேன் நெறத்துல எறங்கிக் கெடக்கும். ஒரு பாரும் வேண்டாம், 260 கிலோவும் வேண்டாம். தண்ணியோட கனமே அத இறக்கிரும். அந்தத் தட்ட அழுத்தி வச்சா டிகாக்ஷன் எறங்காது, ஆச்சி வையும். அழுத்தாம இருக்கதுதான் எங்க வீட்டுல பக்குவம். நீங்க ரெண்டு பேரும் அமுக்குதத நெனச்சே இப்படிச் சண்டை போடுதிய.

பாளை அண்ணாச்சி:
அக்கா, பில்டர் காப்பிய யாரும் கொறை சொல்லல. எங்க வீட்டுலயும் காலையில அதுதான். ஆனா அது வேற, இது வேற. பில்டர்ல சிக்கரி சேந்த தூளப் போடுதோம். இந்தத் தம்பி பிரிஸ்மோவுலயும் அந்தத் தூளத்தான் போடுதான். படத்துல பின்னால பாக்கெட் தெரியுது, பாருங்க.

வண்ணார்பேட்டை வசந்த்:
அது அம்மா பில்டருக்கு வச்சிருக்க பாக்கெட். நான் போடுதது சிக்கமகளூர் அராபிகா, சுத்தக் காப்பி. தெரியாம பேசாதிய.

கல்லிடைக்காரி:
சிக்கரின்னா என்ன, வெஷமா? பாதிக்குப் பாதி பக்கம் வரைக்கும் சேக்கலாம்னு சட்டமே விட்டிருக்கு. 100க்கு 49. பாக்கெட்டுல போட்டிருக்கணும், அவ்வளவுதான். நாங்க 80க்கு 20 கேட்டு வாங்குதோம். தாமிரபரணித் தண்ணியில அந்தச் சேர்மானத்தப் போட்டுப் பாருங்க, பொறவு பேசுங்க.

பாளை அண்ணாச்சி:
தண்ணியப் பத்தி கல்லிடைக்காரவ பேசலாம், மேல்பக்கம் இருக்கிய. வண்ணார்பேட்டைக்கு வரும்போது அது எப்படி இருக்குன்னு தம்பியக் கேளுங்க.

டவுன் தெற்கு ரதவீதி:
எல்லாரும் அண்ணாச்சி பேச்ச வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்கிய. இந்த வெவகாரத்துல அழுத்தத்துக்கு முன்னால அரவை. நைசா அரைக்காம எந்த மெஷின்ல போட்டாலும் தண்ணி பாட்டுக்கு ஓடிரும். அதுக்குன்னு நான் ஆசையா வாங்கி வச்சிருந்த கை கிரைண்டர ரெண்டு நாள்ல தாரேன்னு வாங்கிட்டுப் போனது யாரு? போன பொங்கலுக்குப் போனது. இந்தப் பொங்கலும் முடிஞ்சிட்டு.

பாளை அண்ணாச்சி:
கிரைண்டர் விஷயத்த போன்ல பேசுவோம். இங்கன 9 பார் பத்திப் பேச்சு.

அம்பை தம்பி:
வசந்த், ஒண்ணு செய்யி. எடை மெஷின் மேல கப்ப வச்சு, அது மேல ஏரோபிரஸ்ஸ வச்சு அமுக்கு. முள்ளு எத்தனை கிலோ காட்டுதுன்னு பாரு. கணக்கு தானா தெரிஞ்சிரும்.

வண்ணார்பேட்டை வசந்த்:
செஞ்சாச்சு. கண்ணாடி டம்ளர வச்சா ஒடஞ்சிரும்னு கனமான பீங்கான் கப்ப வச்சேன். அடுப்பு மேடை ஒசரம் எடுக்கலன்னு முக்காலியில எடை மெஷின வச்சு, ரெண்டு கையையும் நீட்டி, தோள் பாரம் முழுக்க இறக்கி அமுக்கினேன். மொதல்ல அசையல, பொறவு வால்வு தொறந்து புஸ்ஸுன்னு இறங்குச்சு. முள்ளு 34 கிலோ. 1.2 பார் வருது. அண்ணாச்சி 1 பார் கூட வராதுன்னாரு, தாண்டிட்டு. பெஸ்ஸேரா மெஷினுக்கு இன்னும் கொஞ்சம்தான். பாலு ஊத்திக் குடிச்சா ஹோட்டல் காப்பிக்கு ஒரு படி மேல இருக்கு.

பாளை அண்ணாச்சி:
34 கிலோ எங்க, 260 கிலோ எங்க? ஏழுல ஒரு பங்கு கூட இல்ல. அதையும் பெருமையா எழுதுத. அடுப்புல வைக்க மோக்கா பானை, 1933ல பியாலெட்டி கொண்டாந்தது, அதுவே அந்த அழுத்தத்துக்கு வந்துரும். அதையும் எஸ்பிரசோன்னு சொல்லிரு. வீட்டுல கையாலயே செய்யணும்னா நெம்புகோல் வச்ச லீவர் பிரஸ் இருக்கு. பிஸ்டனு சின்னது, நெம்புகோல் நீளம், அதுல 9 பார் வரும். அத வாங்கிப் பாத்துட்டு வந்து பேசு.

கரண்டு செலவில்லாம, கழுவ லேசா, கெட்டியான காப்பி வரும்னு நீ எழுதியிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். பாளையில ஒரு பய நீ எழுதினதப் படிச்சுட்டு, சேத்து வச்சிருந்த காசுல இத வாங்கி, கடையில குடிச்ச ருசி வரலன்னு என்கிட்ட வந்து நிக்கான். அவனுக்கு யாரு பதில் சொல்ல?

வண்ணார்பேட்டை வசந்த்:
அவன் என்ன தூள் போட்டான், எப்படி அரைச்சான்னு கேட்டியளா? பில்டர் தூளக் கொரகொரன்னு போட்டுட்டு மூடியக் கொறை சொன்னா நான் என்ன செய்ய? அவன என் வீட்டுக்கு அனுப்புங்க, நான் போட்டுத் தாரேன். நீங்களும் வாங்க.

பாளை அண்ணாச்சி:
நான் எதுக்கு வண்ணார்பேட்டைக்கு வரணும்? உன் மூடிய எடுத்துக்கிட்டு நீ பாளைக்கு வா. என் மெஷின்ல அழுத்தமானி மாட்டியிருக்கேன், முள்ளு 9ல நிக்கதக் கண்ணால பாத்துட்டுப் போ.

கல்லிடைக்காரி:
யாரு வீட்டுல கூடினாலும் பால் நல்ல பாலா வாங்குங்க. பாக்கெட் பாலுல ரெண்டும் வெளங்காது.

டவுன் தெற்கு ரதவீதி:
பாளையில கூடுதது நல்லது. நானும் வாரேன். என் கிரைண்டர வாசல்லயே எடுத்து வையுங்க அண்ணாச்சி, கைப்பிடியோட.

பாளை அண்ணாச்சி:
கைப்பிடி வரும்போதே லூசாத்தான் இருந்துச்சுவே.

டவுன் தெற்கு ரதவீதி:
யாரப் பாத்து லூசுன்னு சொல்லுதிய? புது உருப்படி அது, பில்லு இன்னும் என்கிட்ட இருக்கு. இப்பவே படம் புடிச்சு இங்கனயே போடுதேன்.