சத்துவாச்சாரி – ஆபீசர்ஸ் லைன், நடுவில் ஸ்கூல், 2 பிள்ளைகள்: ஸ்கூட்டர் ஓட்டுபவர்களிடம் சில கேள்விகள்

கேட்டவர்: பாலாற்றங்கரை

வீடு வேலூர் சத்துவாச்சாரி, வேலை ஆபீசர்ஸ் லைன் பக்கம். வண்டி 110 சிசி, இரண்டு பக்கமும் டிரம் பிரேக், 21,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 3. காலையில் இருவரையும் விட்டுவிட்டு கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டணும். சாயந்திரம் காய்கறி, மருந்துக் கடை. எல்லாமே 2 கி.மீ., 4 கி.மீ. ஓட்டம்தான். வண்டியைக் கவனிக்க சனி ராத்திரி கால் மணி நேரம் கிடைக்கும். ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம் எனக்கே எனக்கென்று ஓட்ட ஆசை.

பிள்ளைகள் இருவரையும் ஒரே நடையில் கொண்டுபோகலாமா? சனிக்கிழமை கால் மணி நேரத்தில் எதைப் பார்ப்பது? ஞாயிறு எங்கே போய்வரலாம்?

---

கோட்டை அகழி:

சகோதரி, முதல் கேள்விக்கு பதில்: வேண்டாம். இரு சக்கர வண்டியில் ஓட்டுபவரோடு இன்னும் ஒருவர்தான் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்சும் 3 மாதம் முடங்கும். அதைவிடப் பெரிய காரணம் உண்டு. சின்னவனை முன்னால் நிற்க வைத்தால், சடன் பிரேக் போட்டவுடன் அவன் தாடை நேராக ஸ்பீடோமீட்டரில் மோதும். பயத்தில் கை எதையாவது பிடிக்கும். பிடிப்பது பெரும்பாலும் ஆக்சிலரேட்டராக இருக்கும். கியர் இல்லாத வண்டி, திருகினால் பாய்ந்துவிடும். ஸ்கூல் வாசலில் நிறுத்தினால் முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள், பிறகு பிள்ளையை இறக்குங்கள்.

பெரியவளை வேனிலோ ஷேர் ஆட்டோவிலோ அனுப்பிவிட்டு, சின்னவனை மட்டும் வண்டியில் கொண்டுபோங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைக்கு பெல்ட் ஜாக்கெட்டும், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் 40-க்கு மேல் போகக்கூடாது. 15.02.2023 முதல் அமலில் உள்ள விதி இது. ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டி, அதன் தோள்பட்டைகளை ஓட்டுபவர் போட்டுக்கொள்ளணும். பிள்ளை தூங்கிச் சாய்ந்தாலும் உங்கள் முதுகோடு இருக்கும். ஹெல்மெட் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு விரல் நுழையலாம். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய அளவு வாங்கிவிடாதீர்கள். விழும்போது கழன்று போகும்.

பெரியவள் ஏறும் நாட்களில் ஸ்கூல் பை அவள் முதுகில் வேண்டாம். பாலம் ஏறும்போது பை அவளைப் பின்னால் இழுக்கும். பையைக் கால் வைக்கும் தளத்தில் படுக்க வையுங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே செருகுங்கள். பின்சக்கரத்தில் சுற்றினால் இழுபடுவது கழுத்து.

---

பின்சக்கரம்:

கால் மணி நேரம் தாராளமாகப் போதும். வரிசையாகச் சொல்கிறேன்.

காற்று: வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். 110 சிசி வண்டிகள் பலவற்றில் முன்சக்கரம் 22 psi, பின்சக்கரம் தனியாகப் போக 29, ஆள் ஏறினால் 36 என்ற கணக்கு இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே முடிவு. பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்க நேரமில்லை என்றால் காலால் மிதிக்கும் பம்பும் காற்றை அளக்கும் ஒரு கேஜும் வாங்கிவிடுங்கள். பின்பக்கம் காற்று குறைந்தால் வளைவில் வண்டி அசையும், டயர் ஓரமும் சீக்கிரம் தேயும்.

பிரேக்: லீவர் நுனி 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடணும், அதற்கு மேல் பிடிக்கணும். அதிகம் ஆடினால் பின்சக்கரத்தில் உள்ள நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் இறுக்கியது அதிகம். பிரேக் தட்டில் உள்ள அம்புக்குறி எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் இறுக்கிப் பிரயோஜனமில்லை, உள்ளே உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவை மாற்றணும்.

ஆயில்: சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு. ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக் குச்சியைத் துடைத்து, நுழைத்து, எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்க்கணும். திருகினால் அளவு தப்பாகக் காட்டும்.

இங்கேதான் உங்கள் ஓட்டத்தில் ஒரு சிக்கல். 2 கி.மீ. ஓடி அணைத்தால் எஞ்சின் முழுச்சூடு ஏறாது. உள்ளே படியும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் கலக்கும். அதனால் கிலோமீட்டர் ஆகவில்லை என்று ஆயிலைத் தள்ளிப் போடாதீர்கள். எத்தனை மாதம் ஆனது என்று கணக்கு வைத்து மாற்றுங்கள். பேட்டரிக்கும் இதே கதிதான்: செல்ஃப் ஸ்டார்ட் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் எடுங்கள். ஞாயிறு ஒரே மூச்சில் 40 கி.மீ. ஓட்டுவது வண்டிக்கு மருந்து. அந்த இரண்டரை மணி நேரத்தை வீட்டு வேலைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

21,000 கி.மீ. ஆகிவிட்டது, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பற்றி இப்போதே மெக்கானிக்கிடம் பேசுங்கள். பல கம்பெனிகள் 24,000 சுமாருக்கு மாற்றச் சொல்கின்றன. அறுந்தால் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது. வண்டியை எடுக்கும்போது நடுங்கினால் கிளட்சைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் (கிளட்ச் பெல்) தூசி. பெல்ட் மாற்றும்போதே துடைத்துத் தரச் சொல்லுங்கள், ஒரே கூலியில் முடியும். சர்வீசுக்குச் சனிக்கிழமை விடாதீர்கள், கூட்டம். செவ்வாய், புதன் காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயந்திரம் கையில் கிடைக்கும்.

---

அமிர்தி வழி:

முதல் ஞாயிறுகளுக்கு இரண்டு வழி. ஒன்று, கணியம்பாடி வழியாக அமிர்தி. ஊரிலிருந்து சுமார் 25 கி.மீ., ஜவ்வாது மலை அடிவாரம். இரண்டு, காட்பாடி தாண்டி வள்ளிமலை. அதுவும் ஏறக்குறைய அதே தூரம்தான். முருகன் கோயிலோடு பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் உண்டு. பக்கத்திலேயே மேல்பாடி. அரிஞ்சய சோழனுக்கு முதலாம் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படை (நினைவுக் கோயில்) அங்கே இருக்கிறது. வள்ளிமலைக்கே என் ஓட்டு, கண்ணுக்கு வேலை அதிகம்.

5:45-க்குக் கிளம்பினால் 8:15-க்கு வீடு. சித்திரை, வைகாசியில் 8 மணிக்குப் பிறகு நம்ம ஊர் வெயிலில் ஓட்டுவது உடம்புக்கு ஆகாது. பெங்களூர் ஹைவேயில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்; இந்தச் சின்னச் சக்கரம் குழியைக் கண்ட பிறகு தப்பிக்காது.

---

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஏலகிரி இந்த வண்டியில் போகலாமா?

---

அமிர்தி வழி:

போகலாம், ஆனால் அரைநாள் வேண்டும். போகவே 90 கி.மீ. சுமார் ஆகும். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் சிரமமில்லை, இறங்குவதில்தான் கவனம். ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டு வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பு போய் வண்டி சும்மா உருளும். லேசாகக் கொடுத்தால் மறுபடி பிடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கவே கூடாது. பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுத் திரும்புங்கள். லீவர் கைப்பிடி வரை வர ஆரம்பித்தால் ஓரம் கட்டி, டிரம் ஆறும் வரை நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.