புதுப்பிப்பு: சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்

30 ஆம்பியர் மெயின் சுவிட்ச் உள்ள பழைய வீட்டுக்கு ஹீட் பம்ப் (சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துத் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) சரிவருமா என்ற என் முந்தைய இழையின் தொடர்ச்சி இது.

3.3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கூடவே ஏர்கானும் கெட்டிலும் ஓடினால் மெயின் ட்ரிப் ஆகலாம். ஆனால் நால்வர் ஆளுக்கு 8 நிமிடம் குளித்தாலும் நாளுக்கு 1.8 யூனிட்தான். ஹீட் பம்ப் அதை மூன்றில் ஒரு பங்காக்கினாலும், தொட்டியிலிருந்து வெளியேறும் சூட்டையும் கணக்கிட்டால் மிச்சமாவது நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள்தான். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஆண்டுக்கு நூறு வெள்ளி தேறினாலே பெரிது. மின்சுமை குறைய வாங்குங்கள், பில்லுக்காக வேண்டாம்.

150 லிட்டர் தொட்டியில் தண்ணீரே 150 கிலோ. தரையில்தான் நிறுத்த வேண்டும். மூடிய ஸ்டோர் ரூமில் வைத்தால் தான் விடும் குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திறன் சரியும். நம் ஈரக்காற்றில் கருவியிலிருந்து தண்ணீர் நிறையச் சொட்டும், ஃப்ளோர் டிராப் (தரை வடிகால்) வரை குழாய் போடச் சொல்லுங்கள்.