நகைச் சீட்டு முடிந்த பிறகு சேதாரம் கேட்கிறார்கள், என்ன செய்வது? (அவசரம்)

விரிஞ்சிபுரம் தம்பி:
வணக்கம். வேலூரில் ஒரு கடையில் அம்மா 11 மாதம் நகைச் சீட்டு கட்டினார்கள். சேரும்போது செய்கூலி, சேதாரம் எதுவும் கிடையாது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கடை வாசலில் இருந்த பேனரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நேற்று தங்கச்சி கல்யாணத்துக்கு நெக்லஸ் எடுக்கப் போனோம். பிடித்ததை எடுத்து வைத்த பிறகு, இந்த மாடலுக்கு 18 சதவீதம் சேதாரம், சீட்டில் 10 சதவீதம் வரைக்கும்தான் கழிப்போம், மீதியைக் கட்டுங்கள் என்கிறார்கள். பணமாகத் திருப்பிக் கேட்டால் அந்தப் பழக்கமே இல்லையாம். கல்யாணத்துக்கு 12 நாள்தான் இருக்கிறது. யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

காட்பாடி செல்வி:
மாதம் எவ்வளவு கட்டினீர்கள் தம்பி? கட்டியது பணமாகவே வரவாகும் பணச் சீட்டா, கட்டிய அன்றைய விலைக்குக் கிராமாக வரவாகும் கிராம் சீட்டா? சீட்டு அட்டை கையில் இருக்கிறதா? நெக்லஸ் எத்தனை கிராம்?

ரத்தினகிரி ராமு:
எல்லாவற்றுக்கும் முன்னால் ஹால்மார்க், அதாவது தங்கத்தின் தரத்துக்கான முத்திரையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண்) இல்லாத நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எங்கே, எப்போது சோதித்தார்கள், எத்தனை காரட் என்று எல்லாம் வந்துவிடும். பாதி ஏமாற்று வேலை அங்கேதான் நடக்கிறது.

ஆம்பூர் அன்சர்:
ராமு சார், அவர்கள் இன்னும் நகையே வாங்கவில்லை. கேள்வி சேதாரத்தைப் பற்றி. தம்பி, பில் போட்டாகிவிட்டதா? எதிலாவது கையெழுத்து போட்டீர்களா?

ஓய்வுபெற்ற கணக்கர்:
மாதத்துக்கு மூன்று பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். இது சேமிப்புத் திட்டம் இல்லை, பொருளுக்குக் கொடுத்த முன்பணம். 11 மாதத்தோடு ஏன் நிறுத்துகிறார்கள் என்றாவது யோசித்தீர்களா? கம்பெனி சட்டத்தின் 2014 டெபாசிட் விதிப்படி, முன்பணம் வாங்கிய கம்பெனி 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். அதனால்தான் பணமாகத் தருவதில்லை. கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதை எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் என்ன பதில் சொல்வது?

காட்பாடி செல்வி:
அட்டையின் பின்பக்கம் எந்த மொழியில் இருக்கிறது, எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள் சார். என் அட்டையைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை, அத்தனையும் இங்கிலீஷ். பேனரில் மட்டும் தமிழ், அதுவும் பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கிற அளவில்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
புரியாத காகிதத்தில் கையெழுத்து போடாதீர்கள் என்று இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
18 சதவீதம் என்றால் கல் வைத்த நெக்லஸாக இருக்க வேண்டும், அல்லது நகாசு வேலை. சாதாரண செயினுக்கு அவ்வளவு வராது. சேதாரம் என்பதே திருட்டு என்று யாரும் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தா பட்டறையில் அரத்தால் ராவும்போது பொன் பொடி பறக்கும், பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும்போது கொஞ்சம் போகும், மெருகு போடும்போது கொஞ்சம் போகும். பட்டறைத் தரையைப் பெருக்கிய மண்ணையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய் அரித்துப் பொன் எடுக்கிறவர்கள் இருந்தார்கள். சேதாரம் உண்மையிலேயே உண்டு.

ஆம்பூர் அன்சர்:
இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இன்று அச்சில் வார்த்து, மெஷினில் வெட்டிய நகைக்கும் அதே பெயரில் 15, 18 என்று போடுகிறார்களே, அந்தப் பொன் எங்கே சிந்துகிறது? எட்டு கிராம் நகைக்கு 18 சதவீதம் என்றால் 1.44 கிராம். அவ்வளவு பொன்னா தரையில் கொட்டுகிறது? அதையெல்லாம் கூட்டி வருகிற மொத்தத் தொகைக்கு மேலே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. கையில் இல்லாத பொன்னுக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
கடைக்காரர் போடும் 18 சதவீதம் நகை செய்கிற பத்தருக்கு வருவதில்லை பாய். எங்கள் கைக்கு வருவது அதில் ஒரு சின்னப் பங்குதான். மீதி கடை வாடகை, ஏ.சி., விளம்பரம், லாபம். அதைக் கூலி என்றோ லாபம் என்றோ எழுதிவிட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் தொழிலின் சொல்லை வைத்துக்கொண்டு எழுதுவதுதான் வலிக்கிறது.

ரத்தினகிரி ராமு:
அதனால்தான் சொல்கிறேன், ஹால்மார்க்.

வாலாஜா வாசகி:
இரண்டு பேரும் அப்புறம் பேசிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு 12 நாள்தான் இருக்கிறது. தம்பி, 1915க்குப் போன் பண்ணுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்து, கடைக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை, ஆனால் பல கடைகள் அந்த அளவிலேயே இறங்கி வந்துவிடும்.
அது நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: "இந்த ஒப்பந்தமே நியாயமற்றது" என்று வழக்குப் போட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போகும், சென்னைக்கு அலைய வேண்டி வரும். "விளம்பரத்தில் ஒன்று சொல்லி, கொடுக்கும்போது வேறு சொன்னார்கள், இது முறையற்ற வணிக நடைமுறை" என்று எழுதினால் மாவட்டத்திலேயே பார்ப்பார்கள். அதனால் பேனர் படம்தான் முக்கியம். இன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள், கழற்றிவிட்டால் கஷ்டம்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
அம்மணி சொன்னது சட்டப்படி சரி. ஆனால் செல்வி அம்மா கேட்ட முதல் கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை. கிராம் சீட்டா, பணச் சீட்டா? அது தெரியாமல் பேசுவது வீண். கிராம் 8,000 இருக்கும்போது கட்டிய 5,000 ரூபாய்க்கு 0.625 கிராம் வரவு வைக்க வேண்டும். அதே பணத்தைக் கடைசி நாள் விலை 10,000 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அரை கிராம்தான். ஒரு தவணைக்கே 125 மில்லிகிராம் போகிறது. எல்லோரும் சேதாரத்தைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறீர்கள்.

விரிஞ்சிபுரம் தம்பி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மாதம் 5,000. கையெழுத்து எதுவும் போடவில்லை, பில்லும் போடவில்லை. நெக்லஸ் 8 கிராம், சிவப்புக் கல் வைத்தது. அட்டை அம்மாவிடம் இருந்தது, இப்போதுதான் வாங்கிப் பார்த்தேன். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார்கள். சம்பளம் வந்த மறுநாளே போய்க் கட்டிவிடுவார்கள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அரிசி டப்பாவில் வைத்திருந்ததால் அட்டை முழுக்க மாவு. தேதி, தொகை, கிராம், கையொப்பம் என்று நான்கு கட்டம் இருக்கிறது. முதல் நான்கு மாதம் கிராம் கட்டத்தில் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது மாதத்திலிருந்து அந்தக் கட்டம் காலி, சீல் மட்டும் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

காட்பாடி செல்வி:
அய்யோ. அந்த அட்டையைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான்கு மாதம் கிராம் எழுதிவிட்டு அப்புறம் நிறுத்தினால், இது கிராம் சீட்டு என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி. இந்த ஒரு வருடத்தில் விலை ஏறிய ஏற்றத்தில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். 11 தேதிக்கும் அன்றைய விலையை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். தேதிகளை இங்கே போட்டால் நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். சேதாரத்துக்குச் சண்டை போடுவதைவிட இதற்குப் போடுங்கள். உங்கள் அம்மாவைப் பற்றித் தெரியாமல் கடுமையாக எழுதிவிட்டேன்.

வாலாஜா வாசகி:
புகாரில் இரண்டையும் எழுதுங்கள், கிராம் முதலில், சேதாரம் அடுத்து. கடைப் பெயரை இங்கே போட வேண்டாம். புகாரில் மட்டும் முழுப் பெயர், முகவரி, ரசீது எண்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
கல் வைத்தது என்கிறீர்கள். 8 கிராம் என்பது கல்லோடு சேர்த்தா, கல் நீக்கியா? மொத்த எடைக்குச் சேதாரம் போட்டிருந்தால் கல்லுக்கும் பொன் விலை கொடுக்கிறீர்கள். கல் எடையைக் கழித்து நிகர எடைக்குத்தான் போட வேண்டும். கேளுங்கள்.

ஆம்பூர் அன்சர்:
நானும் அட்டை வைத்திருக்கிறேன், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். என்னுடையதில் கிராம் என்று ஒரு கட்டமே இல்லை.

காட்பாடி செல்வி:
அப்படியானால் உங்களுடையது பணச் சீட்டு அண்ணா. எத்தனை மாதம் பாக்கி?

(ஐந்து நாள் கழித்து)

விரிஞ்சிபுரம் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. 1915இல் பதிந்தேன், எண் வந்தது. மூன்றாம் நாள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். அட்டை போட்டோவையும் கணக்கர் ஐயா போட்டுத் தந்த தாளையும் காட்டினேன். 11 மாதத்துக்கும் அந்தந்த நாள் விலைக்குக் கிராம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். சேதாரத்தில் இறங்கி வரவில்லை. நெக்லஸை விட்டுவிட்டு, சேதாரம் 10 சதவீதத்துக்குள் வருகிற ஒரு செயின் எடுத்தோம். அம்மாவுக்கு அந்தச் சிவப்புக் கல் மேல்தான் ஆசை. கல்யாண வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

வாலாஜா வாசகி:
நல்லது தம்பி. சேதாரப் புகாரை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள், இரண்டு வருடம் இருக்கிறது. பேனர் படம் எடுத்தீர்களா?

பட்டறை வீட்டுப் பிள்ளை:
பில்லில் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாலாஜா வாசகி:
தம்பி, பேனர் படம்?