நாலு மாதமாகியும் விரல் விறைப்பு, நரம்பு திரும்ப வளருமா?

கேள்வி (கோண்டாவில்):
பலாலி வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்து முழங்கை உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் சின்னவிரலும் பக்கத்து விரலும் இன்னும் விறைப்பு, பேனா பிடிக்கவே கஷ்டம். சீனி வருத்தமும் இருக்கிறது, ஆறு வருடமாக மெட்போமின் குளிசை. இரவில், விழுந்தபோது கண்ட லொறி வெளிச்சம் கண்ணுக்குள் வந்து நித்திரையே இல்லை.

பதில் 1:
தம்பி, நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல் நுனிக்கு 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு வருடத்துக்கு மேலாகும், அதுவும் நரம்பு முற்றாக அறுபடாமல் இருந்தால்தான். சீனி கூடினால் இன்னும் மெதுவாகும். ஆனால் நரம்புத் தொடர்பு இல்லாமல் தசை அவ்வளவு நாள் சும்மா காத்திருக்காது, மெலிந்துவிடும். நாலு மாதத்தில் கொஞ்சமும் மாற்றம் இல்லையென்றால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பு வழியே மின்சைகை சரியாகப் போகிறதா என்று பார்ப்பது) கேளுங்கோ.

பதில் 2:
மெட்போமின் நீண்டகாலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம், அதுவும் விறைப்பைத் தரும். நீங்கள் சைவமா? சைவச் சாப்பாட்டில் பி12 குறைவு. இரத்தத்தில் பாருங்கோ, குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எனக்குக் காலில் இப்படித்தான் தொடங்கியது.

பதில் 3:
சுடுதண்ணீர், அடுப்புப் பக்கம் கவனம், விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது. நித்திரை விஷயத்தையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கோ அண்ணா, விபத்துக்குப் பிறகு அப்படி வருவது பலவீனம் இல்லை, அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கேட்டவர்:
சைவம்தான் அக்கா. நாளைக்கே பி12 பார்க்கிறேன்.