பேக்ஹோ மானிட்டரில் ஈ கோடு, ஆர்பிஎம் ஏறவில்லை, அவசரம்

துவாண்டே குளம்
அண்ணன்மாரே, வண்டி மீன் குளத்துக் கரையில் நிற்கிறது. நேற்று மதியத்திலிருந்து மானிட்டரில் ஈ கோடு, அதாவது கோளாறு எண், வருகிறது, பஸ்ஸர் அடிக்கிறது, ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) ஏறவில்லை. பக்கெட்டில் மண் அள்ளித் தூக்கினால் இன்ஜின் திணறுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு திரும்பவும் அதே கதை. தண்ணீர்த் திருவிழா முடிந்து எடுத்த வேலை, மழை பிடிப்பதற்குள் கரையை முடித்துக் கொடுக்க வேண்டும். எந்தச் சாமான் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், ரங்கூனுக்கு ஆள் அனுப்புகிறேன்.

பெகு மெக்கானிக்
என்ன வண்டி? என்ன மாடல்? ஈ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண்? ஆள் அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

மோல்மேன் டைனமோ
பேட்டரியைப் பாருங்கள். பத்தில் எட்டு கோடு பேட்டரியால்தான் வருகிறது என்பது என் அனுபவம். இரண்டு பேட்டரியும் சேர்ந்து இன்ஜின் நிற்கும்போது 25 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், ஓடும்போது 28 சுற்றி. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று ஜோடி போட்டிருந்தால் அதுதான் வில்லன்.

ரங்கூன் சர்வீஸ்
வண்டியின் பெயரே சொல்லாமல் என்ன சாமான் மாற்றுவது என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். தம்பி, வண்டி பெயர், மாடல், மணி மீட்டர், கோடு எண், கோடு வருவதற்கு முந்தைய நாள் வண்டியில் யார் கை வைத்தார்கள். இந்த ஐந்தும் இல்லாமல் பதில் சொல்பவர் மெக்கானிக் இல்லை, ஜோசியர்.

துவாண்டே குளம்
மன்னிக்கவும் ஐயா. கொமாட்சு பிசி200-8, ஜப்பானில் ஓடி வந்த வண்டி, போன வருஷம் யார்டில் எடுத்தேன். மீட்டரில் 9 ஆயிரம் மணி சொச்சம். கோடு ஈ15. பேட்டரி 25.1, ஓடும்போது 28.2. மானிட்டர் முழுக்க ஜப்பான் எழுத்து, அதனால் வேறு ஒன்றும் படிக்க முடியவில்லை.

பெகு மெக்கானிக்
பேட்டரி நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடலாம். ஈ15 என்றால் இன்ஜின் சென்சார் பக்கம் ஏதோ என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இன்னொரு கோடு இருக்கும். சாதாரணத் திரை இருக்கும்போது 4ஆம் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று வரிசையாக அழுத்துங்கள், சர்வீஸ் மெனு திறக்கும். அதில் எலக்ட்ரிக்கல் கோளாறுப் பதிவுக்குப் போங்கள். ஜப்பான் எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கோடு இங்கிலீஷ் எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கும். இடது பக்கம் ஈ குறி உள்ளதுதான் இப்போது நடப்பில் இருக்கும் கோளாறு, மற்றவை பழசு.

துவாண்டே குளம்
திறந்துவிட்டது. ஈ குறியோடு சிஏ352. கீழே குறி இல்லாமல் நாலைந்து.

தட்டோன் கல்குவாரி
352ஆ? இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், அந்த கன்ட்ரோலர் போய்விட்டது. எங்கள் வண்டியிலும் இதே எண் வந்தது, பழைய கன்ட்ரோலர் ஒன்று வாங்கிப் போட்டோம். மூன்று வாரம் நன்றாக ஓடியது.

பெகு மெக்கானிக்
மூன்று வாரம் ஓடி அப்புறம்?

தட்டோன் கல்குவாரி
திரும்ப வந்தது. இரண்டாவது கன்ட்ரோலரும் பழசுதானே.

பெகு மெக்கானிக்
தட்டோன் அண்ணே, வருத்தப்படாதீர்கள், உங்கள் முதல் கன்ட்ரோலரே நன்றாக இருந்திருக்கலாம். 352 என்றால் சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் சப்ளை குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இன்ஜின் கம்மின்ஸ் வழி வந்தது, கம்மின்ஸிலும் இதே எண்தான். கன்ட்ரோலர் ஒரே 5 வோல்ட்டைப் பல சென்சாருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரு வீட்டில் ஷார்ட் ஆனால் தெரு முழுக்க விளக்கு அணைவது போல, ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும், ஒரு ஒயர் தோல் உரிந்து பாடியில் தொட்டாலும் எல்லாவற்றுக்கும் சப்ளை விழும். கன்ட்ரோலர் எதையும் நம்ப முடியாமல் பவரைக் குறைத்துவிடும். தம்பி வண்டி அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடுகிறது, அதனால் எனக்கு உரசும் ஒயர் மேல்தான் சந்தேகம். செத்த கன்ட்ரோலர் நேரம் பார்த்து உயிர் பெறாது.

ரங்கூன் சர்வீஸ்
நான் கேட்ட ஐந்தாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. யார் கை வைத்தார்கள்?

துவாண்டே குளம்
முந்தாநாள் பக்கெட் உதடு வெல்டிங் செய்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

ரங்கூன் சர்வீஸ்
இருக்கிறது! பேட்டரி நெகட்டிவ் கழற்றினீர்களா? வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப் எங்கே மாட்டினீர்கள்?

வெல்டர் சைரியம்
இருபது வருஷமாக வெல்டிங் செய்கிறேன், ஒருநாளும் பேட்டரி கழற்றியதில்லை, ஒரு வண்டியும் கெட்டதில்லை. எது நடந்தாலும் வெல்டர் தலையில்.

ரங்கூன் சர்வீஸ்
இருபது வருஷத்துக்கு முன் நீங்கள் பார்த்தது மெக்கானிக்கல் பம்ப் வண்டி. இப்போது இன்ஜினிலேயே கம்ப்யூட்டர். கிளாம்பை டிராக் செயினில் மாட்டிவிட்டு பக்கெட்டில் வெல்டிங் போட்டால் கரண்ட் பின், பேரிங், எர்த் ஒயர் என்று வண்டி முழுக்க வழி தேடிப் போகும். வெல்டிங் போடும் இடத்திலிருந்து 1 மீட்டருக்குள் கிளாம்ப் மாட்ட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது.

வெல்டர் சைரியம்
கிளாம்பைப் பக்கத்தில் மாட்டுவதை ஒப்புக்கொள்கிறேன், ஆயில் சீலுக்கும் அது நல்லது. ஆனால் பேட்டரி கழற்றிவிட்டு வா என்று சொன்னால் பாதி முதலாளிகள் வேறு வெல்டரைக் கூப்பிடுகிறார்கள். அதையும் எழுதுங்கள்.

மோல்மேன் டைனமோ
நெகட்டிவ் மட்டும் கழற்றினால் போதுமா, கன்ட்ரோலர் சாக்கெட்டும் கழற்ற வேண்டுமா?

பெகு மெக்கானிக்
அது தனிப் பேச்சு, பிறகு பார்ப்போம். தம்பி அங்கே வெயிலில் நிற்கிறார். துவாண்டே, மல்டிமீட்டர் எடுங்கள். சாவி போட்டு இன்ஜின் ஓடாமல், ஏதாவது ஒரு மூன்று ஒயர் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி சப்ளை ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் நடுவே பாருங்கள். 5 வோல்ட் இருக்கிறதா, குறைவா? குறைவாக இருந்தால் சாவியை அணைத்து மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஒவ்வொரு முறையும் சாவி போட்டு அளவெடுங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்புகிறதோ, அதில் வேலை இருக்கிறது. கழற்றக் கழற்றப் புதுக் கோடுகள் வரும், பயப்பட வேண்டாம். எல்லாம் கழற்றியும் 5 வரவில்லை என்றால் ஒயரிங்கை உதறிப் பாருங்கள், முக்கியமாக பிராக்கெட் மேல் வளைந்து போகும் இடங்களை. கன்ட்ரோலர் பக்கம் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்து ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கன்ட்ரோலரைக் குறை சொல்லலாம்.

தட்டோன் கல்குவாரி
இதை மூன்று மாதத்துக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். என் முதல் கன்ட்ரோலர் இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்க்கிறேன்.

துவாண்டே குளம் (மறுநாள்)
அளவு 1.3 வோல்ட் இருந்தது. மூன்று சென்சார் கழற்றியும் ஏறவில்லை. ஒயரை உதறியதும் 5 வந்தது, விட்டதும் விழுந்தது. இன்ஜின் பக்கவாட்டில் ஒரு கிளிப் இல்லை, ஒயர் பிராக்கெட்டில் உரசி செம்பு தெரிந்தது. எனக்கு முன்னால் யாரோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். டேப் சுற்றி, ஹோஸ் துண்டு ஒன்று கீறி மேலே போட்டுக் கட்டிவிட்டேன். மதியம் வரை கோடு வரவில்லை. பெரிய நன்றி, கரைக்குப் போகிறேன்.

பெகு மெக்கானிக்
சந்தோஷம். டேப் மட்டும் மழைக்குத் தாங்காது. சாயங்காலம் அந்த ஒயரை ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடிவிட்டு, புது கிளிப் மாட்டுங்கள். அந்த ஒயரின் மற்ற கிளிப்களும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஒன்றைக் கழற்றியவர் அவற்றையும் கழற்றியிருப்பார்.

மோல்மேன் டைனமோ
அந்த சாக்கெட் விஷயம்? யாராவது சொல்லுங்கள், நாளை எனக்கு ஒரு பூம் (வண்டியின் பெரிய கை) வெல்டிங் இருக்கிறது.

ரங்கூன் சர்வீஸ்
நெகட்டிவ் கட்டாயம். வெல்டிங் கேபின் பக்கமோ இன்ஜின் பக்கமோ என்றால் கன்ட்ரோலர் சாக்கெட்டும். என்ன வண்டி?