பழைய டப்பா டிவியில் புது ஸ்டிக்கை மாட்டிய அனுபவம் – உங்கள் கதையையும் சொல்லுங்கள்

தேயிலைத்தூள் (கோத்தகிரி)

எங்கள் அம்மாயி கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறார். வீட்டில் ஓடுவது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி. 2006-ல் தொடங்கிய திட்டம் அது, எங்கள் லைனுக்கு எப்போது வந்தது என்று அம்மாயிக்கே மறந்துவிட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், "இருக்கிறது ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு?" என்பார். சரி, நெட்டிலிருந்து படம் எடுத்துக் காட்டும் ஸ்டிக் ஒன்றையாவது மாட்டிவிட்டால் பழைய படங்களை விளம்பரம் இல்லாமல் பார்ப்பாரே என்று வாங்கிக்கொண்டு போனேன்.

டிவியைத் திருப்பினால் ஆன்டெனா ஓட்டை, மஞ்சள், வெள்ளை ஏவி ஓட்டைகள். அவ்வளவுதான். ஸ்டிக்கைக் குத்துகிற ஹெச்டிஎம்ஐ ஓட்டையைக் காணோம். அந்த முறையே 2002 கடைசியில்தான் வந்தது. அது 14 இஞ்ச் இலவச டிவிக்கு எங்கே இறங்கி வரும்?

மறுநாள் மேட்டுப்பாளையம் இறங்கி, ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தரும் டப்பா ஒன்று வாங்கினேன். ஸ்டிக் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. படம் மட்டும் வரவில்லை. ஒயரைப் பிடுங்கி, குத்தி, ரிமோட்டை அடித்து, ஒரு மணி நேரம் போனது. பக்கத்து வீட்டுப் பையன் டப்பாவைக் கையில் எடுத்து, "அண்ணா, இதுல ஹெச்டிஎம்ஐ பக்கம் அவுட்னு போட்டிருக்கு" என்றான். நான் வாங்கியது ஏவி டு ஹெச்டிஎம்ஐ. வேண்டியது ஹெச்டிஎம்ஐ டு ஏவி. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவு, ஒரே நிறம். மறுபடியும் மலை இறங்கி மாற்றி வந்தேன்.

இந்த முறை படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழே உருண்டுகொண்டே. டப்பாவின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் பால், இன்னொரு பக்கம் என்டிஎஸ்சி (ஆவின் பால் இல்லை!). இரண்டும் டிவிக்குப் படம் அனுப்பும் முறைகள். நம் ஊர் டிவிகள் பால் முறை: திரையில் 625 வரி, நொடிக்கு 50 முறை வரையும். அமெரிக்காக்காரனுடைய என்டிஎஸ்சி 525 வரி, 60 முறை. டப்பா அமெரிக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. சுவிட்சைத் தள்ளினேன், கலர் வந்துவிட்டது.

அகலப் படத்தை 4:3 திரையில் நெருக்கியதில் எல்லா முகமும் நீண்டுவிட்டது. அம்மாயி உற்றுப் பார்த்து, "இவனுக்கு என்னடா, காமாலை வந்து இளைச்சுட்டானா?" என்றார்.

பழைய ரிமோட் (குன்னூர்)

ரிப்பேர் கடையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். உங்களுக்குத் தப்பான டப்பாவாவது கிடைத்தது. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கையில் வைத்திருந்தது வெறும் ஒயர். ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின், நடுவில் ஒன்றுமே கிடையாது. ஹெச்டிஎம்ஐயில் ஓடுவது டிஜிட்டல், மஞ்சள் பின்னில் ஓடுவது அனலாக். நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்காமல் ஒயர் மட்டும் என்ன செய்யும்? அந்தச் சிப்புக்குக் கரண்ட் வேண்டும், அதனால் சரியான டப்பா என்றால் 5 வோல்ட் யூஎஸ்பி ஓட்டை இருக்கும். ஸ்டிக்குக்குத் தனி சார்ஜர், டப்பாவுக்குத் தனி சார்ஜர் கொடுங்கள். ஒன்றிலேயே இழுத்தால் ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும்.

ஆர்வத்தில் டிவியின் பின்மூடியைக் கழற்றிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் கரண்ட் தேங்கி நிற்கும். தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும்.

பாதி மழை (கூடலூர்)

எனக்கு செட்டாப் பாக்ஸில் வந்த தொல்லை. பாக்ஸில் மஞ்சள் வெள்ளை சிவப்பு ஓட்டையே இல்லை, ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றுதான். வீட்டில் கிடந்த பழைய கேமரா ஒயர் அதில் நுழைந்தது. மாட்டினால் படம் இல்லை, ஸ்பீக்கரில் ர்ர்ர் என்று ஒரே இரைச்சல். கடைசியில் சிவப்புப் பின்னை மஞ்சள் ஓட்டையிலும் மஞ்சளைச் சிவப்பிலும் குத்தினேன். படமும் வந்தது, சத்தமும் வந்தது! ஹெட்போன் மாதிரியான அந்தப் பின்னில் நாலு பகுதி இருக்கிறது, எந்தப் பகுதியில் படம், எதில் சத்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். மாற்றிக் குத்தியும் இரைச்சல் நிற்காவிட்டால் ஒயரையே மாற்ற வேண்டியதுதான்.

ஏரிக்கரை (கொடைக்கானல்)

எங்கள் வீட்டில் நேர் எதிர்க் கதை. டிவி புதுசு, பெட்டி பழசு. அப்பா அம்மா கல்யாண கேசட்டைப் போடலாம் என்று வீடியோ கேசட் ஓட்டும் விசிஆரை இறக்கினோம். புது டிவியில் மஞ்சள் ஓட்டையைக் காணோம், பச்சை, நீலம், சிவப்பு என்று இருக்கிறது. மஞ்சளைப் பச்சையில்தான் குத்த வேண்டும். அப்படியும் கறுப்பு வெள்ளையாக வந்தால், மெனுவில் காம்பொனென்ட் என்று இருப்பதை ஏவி என்று மாற்றுங்கள்.

இதெல்லாம் கண்டுபிடித்துக் கேசட்டைத் திறந்தால் டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. கொடைக்கானல் ஈரத்தில் செருப்பே பூக்கும், கேசட் எந்த மூலைக்கு? நல்லவேளை உள்ளே போடவில்லை. பூஞ்சை பிடித்ததை ஓட்டினால் டேப்பைப் படிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டும். விசிஆர் தயாரிப்பையே 2016-ல் நிறுத்திவிட்டார்கள், ஹெட் போனால் வேறு பழைய மிஷினை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இப்போது அரிசி டப்பா மாதிரி ஒன்றில் சிலிக்கா பொட்டலங்களோடு போட்டு வைத்திருக்கிறோம். சுத்தம் செய்து பென்டிரைவில் ஏற்றித் தருகிற ஆள் மதுரையில் இருக்கிறாராம், போக வேண்டும்.

தேயிலைத்தூள் (கோத்தகிரி)

பழைய ரிமோட் அண்ணா, சார்ஜர் யோசனைக்கு நன்றி. இரண்டு நாளாக ஸ்டிக் அணையவில்லை. மெனு எழுத்துதான் 14 இஞ்சில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது, படத்தை நான் போனிலிருந்து தேடிப் போட்டுக் கொடுக்கிறேன்.

இன்னொரு சிக்கல். ஏவி ஓட்டை ஒரு ஜோடிதான், அதில் செட்டாப் பாக்ஸும் மாட்ட வேண்டும். நேற்று போன் செய்தால், சீரியல் நேரம் ஆகிவிட்டதென்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டாராம். பட்டனை அமுக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற ஏவி செலக்டர் முன்பெல்லாம் கடையில் தொங்கும். ஊட்டியிலோ குன்னூரிலோ இப்போது எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன். இன்னொரு தடவை மேட்டுப்பாளையம் இறங்க முடியாது.